நிலாவில் கிடைத்த கல் பூமியுடையதா?

1971 பிப்ரவரியில் அப்பல்லோ 14-ல் நிலாவுக்குப் போன ஆலன் ஷெப்பர்டும் எட்கர் மிட்செலும் எடுத்து வந்தவற்றில் ஒரு கல் கிட்டத்தட்ட 9 கிலோ. எண் 14321, செல்லப்பெயர் பிக் பெர்த்தா. பார்க்க ஒரே கல். ஆனால் விண்கல் மோதல்களில் நொறுங்கிய பல துண்டுகள் ஒட்டிக்கொண்ட கதம்பம் அது. அதற்குள் 2 கிராம் எடையில் கிரானைட் போன்ற ஒரு துண்டு இருந்தது.

கல் வந்து 48 வருடம் கழித்து, 2019-ல் ஜெரமி பெலூச்சி, அலெக்சாண்டர் நெம்சின் குழுவினர் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார்கள். அந்த 2 கிராம் நிலாவுடையதே அல்ல, பூமியிலிருந்து போனதாக இருக்கலாம் என்று!

சாட்சி சொன்னது சிர்க்கான். (நகைக்கடையில் 'அமெரிக்கன் டயமண்ட்' என்று விற்கிறார்களே, அந்த கியூபிக் சிர்க்கோனியா வேறு, இது வேறு.) சிர்க்கான் படிகம் உருவாகும்போது யுரேனியத்தைச் சேர்த்துக்கொள்ளும், காரீயத்தை உள்ளே விடாது. பின்னால் யுரேனியம் சிதைந்து காரீயமாகும். இரண்டின் விகிதத்தைப் பார்த்தால் வயது தெரிந்துவிடும். இந்தத் துண்டுக்கு 400 முதல் 410 கோடி வருடம்.

வயது சரி, பிறந்த ஊர்? அங்கேதான் வேதியியல் சுவாரசியமாகிறது. சீரியம் என்றொரு தனிமம். ஆக்சிஜன் தாராளமாக உள்ள பாறைக்குழம்பில் அதில் ஒரு பகுதி மூன்று மின்னேற்றத்திலிருந்து நான்குக்கு மாறும். சிர்க்கோனியத்துக்கும் நான்குதான். அதனால் அதன் நாற்காலியில் சீரியம் சுலபமாக உட்கார்ந்துவிடும். நிலாவின் குழம்பில் அந்த அளவுக்கு ஆக்சிஜன் கிடையாது. இந்தச் சிர்க்கானிலோ பூமியின் பாணியில் சீரியம் தூக்கலாக இருந்தது.

அடுத்தது டைட்டானியம். சிர்க்கானில் அதன் அளவு வெப்பநிலையைச் சொல்லும். பக்கத்திலிருக்கும் குவார்ட்ஸில் அதன் அளவு அழுத்தத்தையும் பொறுத்தது. இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் அழுத்தம் கிடைக்கும். வந்த விடை, பூமியில் என்றால் சுமார் 20 கிலோமீட்டர் ஆழம். ஈர்ப்பு குறைந்த நிலாவில் அதே அழுத்தத்துக்கு 160 கிலோமீட்டருக்கும் மேல் போக வேண்டும். அவ்வளவு ஆழத்திலிருந்து ஒரு துண்டு மேலே வருவது லேசான காரியமில்லை.

அப்படியானால் பயணம் இதுதான்: பூமியில் ஒரு பெரிய மோதல் அந்தத் துண்டை விண்வெளிக்கு வீசியது. அன்று நிலா இன்றைவிட மிக அருகில் இருந்தது. அங்கே விழுந்து, வேறு மோதல்களில் உருகி, புதைந்து, சுமார் 2.6 கோடி வருடம் முன்பு கோன் பள்ளம் உண்டானபோது மேலே வந்தது. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது...

பால் வாரனும் ஆலன் ரூபினும் 2020-லேயே மறுத்தார்கள். துண்டு நிலாவுடையதுதான் என்பது அவர்கள் கட்சி. அவர்கள் பக்கமும் பலமில்லாமல் இல்லை. நிலாவிலும் கிரானைட் வகை அபூர்வமாக உண்டு. அந்த டைட்டானியக் கணக்கும் குவார்ட்ஸும் சிர்க்கானும் ஒரே சூழலில் விளைந்தவை என்றால்தான் செல்லும். ஒரே ஒரு வவுச்சரை வைத்து முழுக் கணக்கையும் பாஸ் செய்ய எந்த ஆடிட்டரும் தயங்குவார்!

ஆனாலும் இதை ஓரங்கட்ட முடியாது. பூமியின் முதல் 50 கோடி வருடப் பாறைகள் ஏறக்குறைய முழுவதும் அழிந்துவிட்டன. ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸில் கிடைத்த சுமார் 440 கோடி வயது சிர்க்கான்கள்கூட வெறும் மணல்மணி அளவுதான், தாய்ப்பாறை போயே போய்விட்டது. மழையும் ஆறும் இல்லாத நிலாவில் பூமியின் தொலைந்த பக்கங்கள் பத்திரமாகக் கிடக்கலாம். ஆறு அப்பல்லோ பயணங்களும் கொண்டுவந்தது மொத்தம் 382 கிலோ. பூமியுடையது என்று இவ்வளவு தூரம் வாதாட வைத்தது அதில் 2 கிராம்.