ஈடாகப் போனவர்

2011 செப்டம்பர் என்றதும் எனக்கு முதலில் வருவது வறுத்த வேர்க்கடலை வாசனை. பாஸ்டனுக்கு வடக்கே மால்டன் ஊரில், மூன்றடுக்கு மரவீடு ஒன்றின் நடுமாடியில் குடியிருந்தோம். மதுரையிலிருந்து போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது. எனக்குப் பத்து வயது. கீழ்த்தளத்தில் வீட்டுக்காரத் தாத்தா, தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் அவர் வாசற்படியில் போய் உட்கார்ந்துவிடுவேன். ரேடியோவில் வர்ணனையாளர் ஜோ காஸ்டிலியோனியின் குரல் வரும். கடலைத் தோலை உரித்தபடியே தாத்தா எனக்கு பேஸ்பால் சொல்லிக்கொடுப்பார்.

பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணியைப் பற்றிப் பேசும்போது அவர் குரல் சொந்தக்காரர்களைப் பற்றிப் பேசுவது போல ஆகிவிடும். 1918இல் கோப்பை வாங்கிய அணி, அதன் பிறகு 86 வருஷம் வாங்கவில்லை. அவருடைய அப்பா அந்த ஏக்கத்தோடேயே கண்ணை மூடினார். 2004இல் வென்ற மறுநாள், காலைப் பேப்பரை எடுத்துக்கொண்டு தாத்தா கல்லறைத் தோட்டத்துக்குப் போனாராம். அங்கே அவருக்கு முன்பே பலர் வந்திருந்தார்கள்; கல்லறைகள் மேல் தொப்பியும் கொடியும் கிடந்தன என்று சொல்லும்போது கொஞ்ச நேரம் கடலை உரிப்பது நின்றுவிடும்.

அந்த அணியைச் சேர்த்துக் கட்டியவர் தியோ எப்ஸ்டீன். 28 வயதில் ஜெனரல் மேனேஜர் ஆனவர். யாரை வாங்குவது, யாரை விடுவது என்பதெல்லாம் அவர் பொறுப்பு. அணியின் ஃபென்வே மைதானத்துக்கு நடந்தே போகக்கூடிய புரூக்லைனில் வளர்ந்தவர். 2007இல் இன்னொரு கோப்பையும் வந்தது. "தியோ நம்ம ஊர்ப் பையன்" என்பார் தாத்தா.

2011 மே மாதம் சிகாகோ கப்ஸ் அணி ஃபென்வேக்கு வந்தது. 1918 இறுதித் தொடரில் தோற்றுப்போன பிறகு அங்கே அது கால் வைப்பது அப்போதுதான். இரண்டு அணிகளும் ஒருநாள் 1918 காலத்துச் சீருடையில் ஆடியதைத் தாத்தா வீட்டு டிவியில் பார்த்தேன். ஐந்து மாதத்தில் தியோ அந்த எதிர்ப்பக்கத்துக்கே போவார் என்று அன்று யார் நினைத்தது?

செப்டம்பரில் எல்லாம் சரிந்தது. மாதத் தொடக்கத்தில் அடுத்த சுற்றுக்கான போட்டியில் 9 ஆட்ட முன்னிலை. பிறகு அந்த மாதத்தில் 27 ஆட்டங்களில் 20 தோல்வி. கடைசி இரவு, 28ஆம் தேதி, பால்டிமோரில் கடைசி இன்னிங்ஸில் ஆட்டம் கைவிட்டுப் போனது. தாத்தா ரேடியோவை அணைத்துவிட்டு உள்ளே போனார். கடலைப் பையை எடுக்கவில்லை.

எங்கள் வீட்டில் அப்போது வேறொரு கவலை ஓடிக்கொண்டிருந்தது. அப்பா தான் இருந்த கம்பெனியை விட்டு, அதே தொழில் செய்யும் இன்னொரு கம்பெனிக்குப் போக இருந்தார். ஒரு வருஷத்துக்குப் போட்டிக் கம்பெனியில் சேரக்கூடாது என்று பழைய இடத்திலிருந்து வக்கீல் கடிதம் வந்தது. அம்மா அதை ஃப்ரிட்ஜ் மேல் வைத்திருந்தாள். "போறேங்கிற ஆளைப் பிடிச்சு வெச்சு என்ன வேலை வாங்கிடப் போறாங்க?" என்று அடுப்பைப் பார்த்தே கேட்பாள். ராத்திரி அப்பா யாரிடமோ போனில் மெதுவாகப் பேசுவது என் அறைக்குக் கேட்கும்.

அதனால் அக்டோபரில் தியோ விவகாரம் வந்தபோது எங்கள் மாடியிலும் எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டோம். அவர் ஒப்பந்தம் முடிய இன்னும் ஒரு வருஷம் இருந்தது. 1908க்குப் பிறகு கோப்பையையே பார்க்காத கப்ஸ் அணியின் உரிமையாளர் டாம் ரிக்கெட்ஸ், அவரோடு பேச அனுமதி கேட்டார். பாஸ்டன் பேச விட்டது. ஆனால் சும்மா அனுப்ப முடியாது, ஈடு வேண்டும் என்றது. ஈடு என்றால் பணம் அல்ல, ஆட்டக்காரர். அக்டோபர் 25ஆம் தேதி சிகாகோவில் தியோவை மேடையேற்றிவிட்டார்கள். பதிலுக்கு யார் வருவார் என்று அன்றும் தெரியவில்லை. கப்ஸின் முன்னணி பிட்சர் (பந்து வீசுபவர்) மாட் கார்ஸாவின் பெயரைப் பேப்பர்கள் எழுதின. விவகாரம் பேஸ்பால் கமிஷனர் பட் செலிக் வரை போனது.

"அந்த ஆட்டக்காரரோட சம்மதத்தைக் கேட்பாங்களா தாத்தா?" என்று கேட்டேன்.

அவர் பேப்பரில் ஒரு பத்தியைக் காட்டினார். 1994இல் ஜெனரல் மேனேஜர் ஆண்டி மெக்ஃபேல் மினசோட்டா அணியிலிருந்து இதே கப்ஸுக்குப் போனபோது, ஈடாக ஹெக்டர் டிரினிடாட் என்ற இளம் பிட்சரைக் கொடுத்தார்கள். அவர் மேஜர் லீகில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. "இவரைக் கேட்டிருப்பாங்கன்னு நினைக்கிறியா?" என்றார் தாத்தா.

ஜனவரியில் அப்பாவின் பழைய கம்பெனி இறங்கி வந்தது. அப்பா புது இடத்தில் சேர்ந்தார். அவருக்குப் பதிலாக யாரும் எங்கும் போகவில்லை.

பிப்ரவரி 21, பள்ளி விடுமுறை வாரம். தாத்தா மாடிப்படியில் நின்று கூப்பிட்டார். கிறிஸ் கார்பென்டர் என்ற இளம் பிட்சர் பாஸ்டனுக்கு வருகிறார். முந்தைய வருஷம்தான் மேஜர் லீகில் கால் வைத்தவர். கொடுக்கல் வாங்கலை முடிக்க மார்ச்சில் பாஸ்டனிலிருந்து ஜேர் போகார்ட்ஸ் என்ற இளம் ஆட்டக்காரரை சிகாகோவுக்கு அனுப்பினார்கள். அவருடைய இரட்டைச் சகோதரர் ஸாண்டர் பாஸ்டனிலேயே இருந்தார். கூடவே பிறந்த இருவரை ஒரு ஜெனரல் மேனேஜரின் கணக்குக்காகப் பிரித்தது இன்றைக்கும் எனக்கு ஒப்பவில்லை.

தியோ போனதை நான் தவறென்று சொல்லவே மாட்டேன். பத்து வருஷம் உழைத்த மனிதர் வேறு வேலைக்குப் போனார், அவ்வளவுதான். 2016இல் கப்ஸ் 108 வருஷம் கழித்து வென்றபோது நாங்கள் மதுரைக்குத் திரும்பிவிட்டோம்; பள்ளி விட்டு வந்து அந்தச் செய்தியைப் படித்தேன். தோற்ற கிளீவ்லாந்து அணியின் மேனேஜர், 2011 இலையுதிர்காலத்தில் பாஸ்டனை விட்டுப் போன டெரி ஃபிராங்கோனா. படிக்கும்போது அந்த வாசற்படி கண்ணில் வந்தது.

தவறு அந்த ஈட்டில்தான். இரண்டு அலுவலகங்கள் போட்டுக்கொண்ட சண்டைக்கு, சம்மதம் கேட்கத் தேவையில்லாத சின்னப் பையன்களைக் கொடுத்துத் தீர்த்துக்கொண்டார்கள்.

2024இல் தியோ பாஸ்டனுக்கே திரும்பினார், உரிமையாளர்களில் ஒருவராக. கார்பென்டர் பாஸ்டனுக்கு வந்ததும் முழங்கையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். 2012இல் அவர் பாஸ்டனுக்காக ஆடியது 8 ஆட்டங்கள், 6 இன்னிங்ஸ்.