அம்மா வடித்துக் கொட்டிய நீர்

அண்ணனுக்கு வலக்கை நடுங்கத் தொடங்கி மூன்றாண்டுகள் ஆகின்றன. தேநீர்க் கோப்பை தட்டின்மேல் கிலுகிலுக்கும். நடுக்குவாதம், அதாவது பார்க்கின்சன் நோய் என்றார் மருத்துவர். யூனானி ஹக்கீம்கள் நடுக்கத்தை 'ரஃஷா' என்று அரபுச் சொல்லால் வழங்குவர்.

காரணம் தேடப் போய் நாம் ஒரு பிழை செய்தோம். மரவள்ளிக் கிழங்கில் சயனைடு உண்டு, அது நரம்பைக் கெடுக்கும் என்று எங்கோ அரைகுறையாய்ப் படித்ததை, எண்பது கடந்த அம்மா அருகிலிருப்பதை மறந்து, மதினியிடம் சொல்லிவிட்டோம். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற சேலம் ஜவ்வரிசிக்கு இக்கிழங்கே மூலம். இராசிபுரம் பக்கத்தில் குச்சிக்கிழங்கு என்போம். நம் இளமையில் பல இரவுகளுக்கு அதுதான் உணவு. அன்று அம்மா சாப்பிடவில்லை. "ஏம்ப்பா, நானா அவனுக்கு விஷத்தை ஊட்டினேன்?" என்று கேட்டார். முப்பதாண்டுகள் பாடம் சொல்லிக் கொடுத்த நமக்கு விடை தெரியவில்லை.

அதன் பின்னரே முறையாகப் படிக்கலானோம்.

உயிரணுக்களுள் மைட்டோகாண்ட்ரியா என்னும் இழைமணிகள் உள்ளன. உணவிலிருந்து கிடைக்கும் எலெக்ட்ரான்கள் அங்கே படிப்படியாகக் கைமாறி, முடிவில் ஆக்சிஜனைச் சேர்கின்றன; அவ்வழியில்தான் உயிரணுவுக்கு வேண்டிய ஆற்றல் பிறக்கிறது. சயனைடு அடைப்பது கடைசிப் படியை. மரவள்ளி இலை தின்ற ஆடு துடித்து விழுவது அதனால்தான். மனிதரும் தப்பியதில்லை. 1981இல் மொசாம்பிக்கின் நம்புலா மாநிலத்தில், வறட்சிக் காலத்தில் கசப்புக் கிழங்கைச் சரிவரப் பக்குவப்படுத்தாமல், துணைக்குப் பருப்போ மீனோ இன்றி வாரக்கணக்கில் உண்டவர்களுள் 1,000 பேருக்கு மேல் கால் விறைத்து முடங்கினர். அந்நோயின் பெயர் கொன்சோ. காங்கோ நாட்டு மொழியொன்றில் 'கட்டுண்ட கால்' என்று பொருள். ஆனால் கொன்சோ சடுதியில் கால்களைப் பற்றி, அதற்குமேல் வளராமல் நின்றுவிடுவது. அண்ணனுடைய நோயோ ஒரு கையில் தொடங்கி ஆண்டுக்காண்டு ஏறுவது.

பார்க்கின்சன் நோயிலும் இழைமணி பழுதுபடுகிறது, மெய்தான். ஆயினும் பழுது வேறு படியில். 1982இல் கலிபோர்னியாவில், கள்ளத்தனமாகச் செய்த போதை மருந்தை ஊசியேற்றிக்கொண்ட இளைஞர் சிலர் சிலைபோல் உறைந்து போயினர். அதில் கலந்திருந்த எம்.பி.டி.பி. என்னும் பொருள் மூளையில் உருமாறி, இழைமணியின் முதற்படியை அடைத்து, டோபமின் சுரக்கும் நரம்பணுக்களை அழித்திருந்தது. 1989இல் லண்டன் ஆய்வாளர்கள், இந்நோயோடு இறந்தோரின் மூளையில் அவ்வணுக்கள் இருக்கும் கரும்பகுதியில் அதே முதற்படி தளர்ந்திருக்கக் கண்டனர். அத்தளர்ச்சி நோய்க்கு மூலமா, விளைவா என்னும் வழக்கு அறிஞரிடையே இன்னும் தீரவில்லை. அம்மா சமைத்த கிழங்கை அவ்வழக்கில் எவரும் நிறுத்தவில்லை.

எப்படிச் சமைத்தீர்கள் என்று அம்மாவிடம் கேட்டோம். தோலைக் கனமாகச் சீவி, துண்டு போட்டு, தண்ணீரில் ஊறவிட்டு, மூடாத பானையில் வேகவைத்து, அந்த நீரை வடித்துக் கொட்டுவாராம். தோலில் நஞ்சு மிகுதி. எஞ்சியது நீரிலும் ஆவியிலும் போய்விடும். தொட்டுக்கொள்ளத் தட்டைப்பயற்றுக் குழம்பு இருக்கும். பயற்றின் புரதத்திலுள்ள கந்தகம், மிச்சமிருக்கும் சயனைடையும் தீங்கு குறைந்த பொருளாக்கிச் சிறுநீரில் வெளியேற்ற உதவுகிறது. இவையெல்லாம் யார் சொல்லித் தந்தது என்றோம். "எங்கம்மா அப்படித்தான் செஞ்சாங்க" என்றார். நாம் படித்தவற்றை ஒன்றுவிடாமல் விளக்கினோம். பாதிதான் விளங்கியிருக்கும். "அப்ப கிழங்கு இல்லைங்கிற?" என்று இருமுறை கேட்டுக்கொண்டார்.

அடுத்த சந்தையில் இரண்டு கிலோ வாங்கிவரச் சொன்னார். வலக்கை நடுக்கத்தில் அண்ணனால் துண்டை வாய்க்குக் கொண்டுபோக இயலவில்லை. அம்மா அருகில் அமர்ந்து, ஊதி ஆற்றி, தம் கையாலேயே ஊட்டினார்.