விளக்கு வைக்கிற நேரம்

டிசம்பர் 21 அன்று திருநெல்வேலியில் ஆறு மணி கழிந்து ஐந்தாறு நிமிஷத்தில் பொழுது அடைகிறது. அங்கே அடைந்த பொழுது பெர்லினுக்கு வந்து அடைய இன்னும் இரண்டேகால் மணி நேரம் வேண்டும். ஜூன் 21 அன்று அதே தூரத்துக்கு ஏறக்குறைய ஆறரை மணி நேரம். இந்த நகரத்துக்கு வந்த முதல் வருஷத்தில் நான் மனப்பாடமாக்கிக்கொண்ட கணக்கு இதுதான்.

வெளிநாட்டில் எப்படி இருக்கிறாய் என்று கேட்கிறவர்கள் முதலில் சாப்பாட்டைத்தான் கேட்கிறார்கள். சாப்பாட்டுக்கு இங்கே குறை இல்லை. மாய்பாஹுஃபர் கால்வாய்க் கரையில் செவ்வாயும் வெள்ளியும் கூடும் துருக்கிச் சந்தையில் கொத்தமல்லி கட்டுக்கட்டாகக் கிடைக்கும். யாழ்ப்பாணத்துக்காரர் கடையில் கருவேப்பிலை வாங்கலாம். குடிவந்த 14 நாளுக்குள் முகவரியைப் பதிய வேண்டும், ஞாயிறு கடை இருக்காது என்பதால் சனிக்கிழமையே பால் வாங்கிவிட வேண்டும், காலிப் பாட்டிலை இயந்திரத்தில் போட்டால் 25 சென்ட் திரும்பி வரும். இதெல்லாம் இரண்டு மாசத்தில் பழகிவிட்டது. பழகாமல் நின்றது ஒரு பொழுது.

எங்கள் வீடு திருநெல்வேலி டவுணில், நெல்லையப்பர் கோயில் ரதவீதிக்குப் பின்னால் ஒரு சின்னத் தெருவில். அந்தியை ஆச்சிதான் கொண்டுவருகிறாள் என்று சின்ன வயசில் நம்பியிருந்தேன். ஐந்தரைக்கே வாசலைக் கூட்டித் தண்ணீர் தெளித்துவிடுவாள். விளக்கு வைத்த பிறகு வாரியலைத் தொடக் கூடாது. புறவாசல் கதவைச் சாத்துவாள். தெருவாசல் கதவை அகலத் திறந்து வைப்பாள். பிறகு காமாட்சி விளக்கில் நல்லெண்ணெய் விட்டு, திரியை விரலால் நிமிர்த்தி, ஏற்றுவாள். அந்தப் பத்து நிமிஷத்தில் யாரும் படுத்திருக்கக் கூடாது, சாப்பிடக் கூடாது, சண்டை போடக் கூடாது. பக்கத்து வீட்டில் உப்புக் கேட்டு வந்தால்கூட, காலையில் வாங்கிக்கோ என்று விடுவாள். பள்ளிக்கூடம் விட்டு வந்து அசந்து கிடந்தால் குரல் வரும்: "ஏட்டி, வெளக்கு வைக்க நேரத்துல என்ன படுக்கை? எந்தி."

எழுந்து உட்காருவேன். கோயிலில் சாயரட்சை மணி கேட்கும். பேட்டைப் பக்கமிருந்து மக்ரிப் பாங்கு காற்றில் வரும். பூக்காரம்மாவின் கூடையில் பிச்சி மொட்டு விரியத் தொடங்கியிருக்கும். தெரு முழுக்க ஒவ்வொரு வாசலிலும் கதவு திறந்து, உள்ளே ஒரு சுடர் தெரியும். பகல் முழுக்க அவரவர் பாட்டுக்கு இருந்த ஒரு தெரு அந்தப் பத்து நிமிஷத்துக்கு ஒரே வீடாகிவிடும். இதை அப்போது நான் கவனித்ததுகூட இல்லை.

நம் அகப்பொருள் இலக்கணம் நாளை ஆறு சிறுபொழுதாகப் பிரிக்கிறது. ஒவ்வொன்றுக்கும் பத்து நாழிகை. நாழிகை 24 நிமிஷம் என்பதால் நாலு மணி நேரம். மாலையை முல்லைக்குக் கொடுத்து, காத்திருத்தலை அந்த நிலத்தின் உணர்வாக வைத்தார்கள். கல்லூரியில் படித்தபோது மனப்பாடம் செய்ததுதான். பெர்லினுக்கு வந்த பிறகுதான் இப்படிச் சரிசமமாகப் பங்கு போட எந்த நிலத்தில் முடியும் என்று புரிந்தது. திருநெல்வேலியில் வருஷம் முழுக்கப் பார்த்தாலும் சூரியன் மறையும் நேரம் ஏறக்குறைய முக்கால் மணிதான் நகரும். பெர்லினில் டிசம்பரில் 3.54-க்கு மறைகிறது, ஜூனில் 9.33-க்கு. மே நடுவிலிருந்து ஜூலைக் கடைசி வரை ராத்திரி முழுசாக இருட்டுவதே இல்லை. நடுநிசியிலும் வடக்கு வானம் வெளிறிக் கிடக்கும். இங்கே மாலை எது, யாமம் எது?

நான் வந்தது ஏப்ரலில். அம்மா தன் பழைய நூல் சேலை ஒன்றில் காமாட்சி விளக்கைச் சுற்றிப் பெட்டியில் வைத்திருந்தாள். முதல் நாள் அதை எடுத்து வைத்துவிட்டு மேலே பார்த்தால் கூரையில் வெள்ளையாக வட்டமாய் ஒரு கருவி. புகை பட்டால் அலறுவது; 2020 கடைசியிலிருந்து பெர்லினில் எல்லா வீட்டுக்கும் கட்டாயம். திரியைக் குட்டையாக இழுத்து, சன்னல் ஓரம் வைத்து, ஒரு கண்ணைக் கூரையில் வைத்துக்கொண்டே ஏற்றினேன். அது அலறவில்லை. எனக்குத்தான் கண் நிறைந்துவிட்டது.

அதற்குப் பிறகு பொழுது விலகிப் போகத் தொடங்கியது. மே மாசம் எட்டே முக்கால், ஒன்பது. ஜூனில் ஒன்பதரை. ஆறு மணிக்கு வேலை விட்டு வந்தால் வெயில் உச்சியில் நிற்கிற மாதிரி இருக்கும். நகரமே ஏரிக்கரைகளிலும் பூங்காப் புல்லிலும் கிடந்து கொண்டாடுகிற மாசம் அது. நான் விளக்கில் எண்ணெய் ஊற்றி வைத்துவிட்டு அந்திக்காகக் காத்திருப்பேன். அது வரும்போது ஊரில் மணி ஒன்று. அம்மா தூங்கிப் பல மணி நேரம் ஆகியிருக்கும். காத்திருந்து காத்திருந்து சில நாள் நானே தூங்கிவிடுவேன். குளிர்காலம்தான் கஷ்டம், பார்த்துக்கொள் என்று எல்லோரும் எச்சரித்திருந்தார்கள். நான் அழுதது ஜூனில்.

ஊரில் அம்மா விளக்கு வைக்கிற நேரம் கோடையில் எனக்கு மதியம் மூன்று மணி. அலுவலகத்தில் யாராவது எதையாவது விளக்கிக்கொண்டிருப்பார்கள். என் முதுகு தானாக நிமிரும். யாரிடமும் சொன்னதில்லை.

பிரிட்ஸ் பகுதியில் இருக்கும் மயூரபதி முருகன் கோயிலில் யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் பழக்கமானார். அவர் வந்தது 1984-இல். கிழக்கு பெர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, ரயிலேறி, ஃப்ரீட்ரிஷ்ஸ்ட்ராஸ நிலையம் வழியாக மேற்கு பெர்லினுக்குள் வந்தவர்களில் ஒருவர். அப்படித்தான் அன்று எத்தனையோ ஈழத்தமிழர் இந்த நாட்டுக்குள் வந்தார்கள். கிழக்கு ஜெர்மனி அந்த வழியை 1985-இல் அடைத்துவிட்டது. என் கவலையைச் சொன்னதும் அவர் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "பிள்ளை, இஞ்ச வானத்தைப் பாத்து விளக்குக் கொளுத்த ஏலாது. வேலை முடிஞ்சு வந்து கைகால் கழுவுற நேரம்தான் எங்களுக்குப் பொழுதுபடுற நேரம். நான் இத்தனை வருசமும் ஏழு மணிக்குத்தான் கொளுத்திறன்."

அவர் விட்டுவந்த வீட்டில் இன்று விளக்கு வைக்க ஒருத்தரும் இல்லை. எனக்கு அம்மா இருக்கிறாள், கைபேசி இருக்கிறது. அந்த வித்தியாசம் தெரிந்துதான் எழுதுகிறேன். அவர் சொன்னபடியே இரண்டு மாசம் ஏழு மணிக்கு ஏற்றிப் பார்த்தேன். வெயிலடிக்கிற சன்னலில் சுடர் கண்ணுக்கே தெரியாது. அவருக்கு இருந்த திடம் எனக்கு இல்லை.

அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளினார்கள். மறுநாள் ஐந்து மணிக்கு வேலை முடிந்து கிளம்பும்போது பக்கத்து இருக்கைப் பெண் வழக்கம்போல "ஷ்யோனன் ஃபையராபெண்ட்" என்றாள். வேலை விட்ட நேரத்துக்கு ஜெர்மானியர் வைத்திருக்கும் பெயர் ஃபையராபெண்ட். பிரித்தால் விழாவும் மாலையும். தினமும் கேட்ட வார்த்தை அன்றுதான் காதில் விழுந்தது. வெளியே வந்தால் இருட்டிக்கொண்டிருந்தது.

சார்லோட்டன்பர்க்கில் என் தெருவுக்குள் நுழைந்தபோது விளக்குகள் எரிந்தன. ஏப்ரல் முதல் அந்தக் கம்பங்களைத் தினமும் தாண்டிப் போயிருக்கிறேன். அந்த வெளிச்சத்தை நின்று பார்த்ததில்லை. மின்விளக்கின் வெளிச்சம் இல்லை அது. மெல்ல நடுங்குகிற, மஞ்சள் கலந்த வெளிச்சம். கீழ்வீட்டுப் பெரியவர் சொன்னார், எரிவாயு விளக்காம். பெர்லினில் 1826-இல் உன்டர் டென் லிண்டன் சாலையில் முதலில் ஏற்றியது. 40,000-க்கும் மேல் இருந்தது, ஒவ்வொன்றாக மின்விளக்காக மாற்றி வருகிறார்கள். பொழுது சாயும்போது தானாகப் பற்றிக்கொள்ளும். நின்று கிட்டப் பார்த்தேன். உள்ளே சின்னச் சின்ன மேண்டில்கள், சுடரில் ஒளிரும் வலைப்பைகள்.

மேண்டிலை எனக்குத் தெரியும். அப்பாவின் ஊரில் கோயில் கொடை என்றால் தலைச்சுமையாகப் பெட்ரோமாக்ஸ் விளக்குகள் வரிசையாக வரும் என்று அப்பா சொல்வார். அந்தப் பெட்ரோமாக்ஸ் இதே பெர்லினில், ட்ரெப்டோ பகுதியில் இருந்த எரிஷ் அண்ட் க்ரெட்ஸ் ஆலையில் பிறந்தது. மேண்டில் வெள்ளையாக ஒளிர அந்தக் காலத்தில் தோரியம் வேண்டும். 1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர், இறக்குமதியான தென்னை நாரில் ஒட்டியிருந்த மணலில் தோரியம் தரும் மோனசைட்டைக் கண்டுபிடித்தார். அந்தத் தடத்தில் வந்து ஆலை வைத்த இடம் மணவாளக்குறிச்சி. எங்கள் ஊரிலிருந்து நூறு கிலோமீட்டர் இருக்கும். நாகர்கோவில் தாண்டிக் கடற்கரை. முதல் உலகப் போருக்கு முன்னால் இந்த நகரத்துத் தெருக்களில் எரிந்த வெளிச்சத்தில் எங்கள் பக்கத்து மணலும் கொஞ்சம் இருந்திருக்கலாம். இதைப் படித்தறிந்த ராத்திரி திரும்பவும் இறங்கிப் போய் அந்தக் கம்பத்தடியில் நின்றேன்.

நவம்பர் 11, மார்ட்டின் திருநாள். பொழுது சாய்ந்ததும் குழந்தைகள் காகித விளக்குகளைக் குச்சியில் தொங்கவிட்டுப் பாடிக்கொண்டு தெருவில் போனார்கள். கார்த்திகையன்று நான் சன்னல் திட்டில் ஆறு அகல் ஏற்றினேன். எதிர்வீட்டுச் சன்னல்களில் மரத்தில் செய்த வளைவு விளக்குகள் வந்திருந்தன; எர்ட்ஸ்கெபிர்க மலைச் சுரங்கத் தொழிலாளர் வழி வந்த வழக்கம் அது, குளிர்காலமெல்லாம் வெளிச்சமே காணாமல் பூமிக்குள் வேலை செய்தவர்களுடையது. ஓலைக் கொழுக்கட்டை மட்டும் செய்ய முடியவில்லை. மாவும் கருப்பட்டியும் இருந்தன. பச்சைப் பனையோலை ஆவியில் வேகும் வாசம், அதற்கு எங்கே போக?

டிசம்பரில் ஊர்ப்பொழுது எனக்கு மிகக் கிட்டே வந்தது. அங்கே எட்டு இருபதுக்கு அம்மா ராச்சாப்பாட்டை முடித்திருப்பாள். இங்கே சூரியன் விழுந்துகொண்டிருக்கும். வீட்டிலிருந்து வேலை பார்க்கிற நாளாக இருந்தால் அப்போது கூப்பிடுவேன். கைபேசியைச் சன்னலில் சாய்த்து வைத்துவிட்டு எண்ணெய் விடுவேன்.

"அங்க இருட்டிட்டா?"

"இப்பதாம்மா இருட்டுது."

"திரி நல்லா நனைஞ்சிருக்கா பாரு."

"பாத்துட்டேன்."

"வாசக்கதவத் தொறந்து வச்சியா?"

இங்கே வாசல் கதவைத் திறந்தால் படிக்கட்டுதான். "சன்னலத் தொறந்து வச்சிருக்கேன்மா."

"ஏட்டி, குளுருமே."

"குளுரட்டும்மா. ஒரு பத்து நிமிஷம்."