கடைக்கு மூன்று கையெழுத்து

காளவாசல், மதுரை
14.12.2025

அன்புள்ள பாப்பாவுக்கு,

அண்ணன் எழுதுவது. அம்மா நலம், சுகர் கட்டுக்குள் இருக்கிறது. மாப்பிள்ளையையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

கடையில் உன் பங்கை எனக்கு விடுதலைப் பத்திரம் எழுதித் தருகிறேன், விற்கிற வேலை சுலபமாகும் என்று போனில் சொன்னாய். வேண்டாம். பாசத்தில் சொல்லவில்லை, கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

அப்பா உயில் எழுதவில்லை. வாரிசுச் சான்றிதழில் அம்மா, நான், நீ. ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு. சொத்து நம் கைக்கு வந்ததற்கு வரி இல்லை, எஸ்டேட் டூட்டியை 1985-லேயே எடுத்துவிட்டார்கள். விற்றால்தான் வரி. லண்டனில் இருக்கிற உன் சிநேகிதி சொன்னாளே, இறந்த அன்றைய மதிப்புதான் அசல், அதற்கு மேல் ஏறியதற்கு மட்டும் வரி என்று, அது அந்த ஊர்ச் சட்டம். இங்கே அப்பா வாங்கிய விலைதான் நமக்கும் விலை. ஒரு நல்லது, அவர் வைத்திருந்த வருஷங்களும் நம் கணக்கில் சேரும். நாளைக்கே விற்றாலும் நீண்ட கால லாபம்தான்.

பீரோவில் மஞ்சப்பைக்குள் கிரயப் பத்திரம் கிடைத்தது. 1994-ல் ஒரு லட்சத்து எண்பதாயிரம். பின்பக்கம் பென்சிலில் புரோக்கர் கமிஷன், எழுத்தர் கூலி, அன்றைக்குக் குடித்த டீ வரைக்கும் எழுதி வைத்திருக்கிறார் மனுஷன்! 2001-க்கு முன் வாங்கியது என்பதால் 1.4.2001 அன்றைய மதிப்பையே அசலாக எடுக்கலாம், ஆனால் அன்றைய வழிகாட்டி மதிப்பைத் தாண்டக் கூடாது. ஆடிட்டர் பார்த்ததில் 6 லட்சம் வருகிறது. கட்டடத்துக்கு அப்பா தேய்மானம் கழித்தாரா என்று பழைய ரிட்டர்ன்களையும் புரட்டினார். கழிக்கவில்லை, கழித்திருந்தால் கட்டடத்துக்கு வேறு கணக்கு.

பார்ட்டி 1 கோடியே 20 லட்சத்துக்குச் சம்மதித்துவிட்டார். பாலம் வந்த பிறகு கடை வாசலில் வண்டி நிற்பதே குறைந்துபோன இடத்துக்கு இது நல்ல விலை. லாபம் 1 கோடியே 14 லட்சம். 2024 ஜூலை 23-லிருந்து வரி 12.5 சதவீதம், இண்டெக்சேஷன் கிடையாது. பழைய சொத்துக்கு இண்டெக்சேஷனோடு 20 சதவீதம் என்ற வழியும் உண்டு, அது இந்தியாவில் குடியிருப்பவர்களுக்கு மட்டும். உனக்கு இல்லையே என்று வருத்தப்படாதே, நம் இடத்துக்கு அதில் வரி கூடத்தான் வருகிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். விற்ற 6 மாதத்துக்குள் லாபத்தை ஆர்இசி, பிஎஃப்சி மாதிரி 54இசி பாண்டில் போட்டால் வரி இல்லை. ஒருவருக்கு உச்சம் 50 லட்சம். உன் பங்கோடு அம்மா பங்கும் சேர்ந்து எல்லாம் என் பெயருக்கு வந்தால் மீதி 64 லட்சத்துக்கு 8 லட்சம் வரி, செஸ் தனி. மூன்று பேராக விற்றால் ஆளுக்கு லாபம் 38 லட்சம், முழுவதும் பாண்டுக்குள் அடங்கிவிடும். ஐந்து வருஷம் எடுக்க முடியாது, வட்டியும் கம்மி, அதற்கும் வரி உண்டு. அம்மா முகத்தைச் சுளிக்கிறார். 8 லட்சத்தைக் கட்டுவதற்கு இது தேவலை.

பத்திரத்தில் 80 போட்டுக்கொள்வோம், மீதி ரொக்கம் என்று புரோக்கர் ஆரம்பித்தார். முடியாது என்றுவிட்டேன். வரியே வராத இடத்தில் கறுப்பு எதற்கு? இடம் விற்ற பணத்தில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் விழும்.

உன் விஷயத்தில் ஒரு சிக்கல். நீ வெளிநாட்டில் இருப்பதால் உன் 40 லட்சம் முழுவதற்கும் பார்ட்டி 12.5 சதவீதம் டிடிஎஸ் பிடிப்பார். ஐந்து லட்சத்துக்கு மேல் ரீஃபண்ட் வரும்வரை முடங்கும். குறைந்த பிடித்தத்துக்கு வருமான வரி அலுவலகத்தில் சான்றிதழ் வாங்கலாம், ஆனால் பத்திரப் பதிவுக்கு முன்பே கையில் இருக்க வேண்டும். அதனால் பான் கார்டு நகல், என்ஆர்ஓ கணக்கு விவரம், சிங்கப்பூர் இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கிய பவர் பத்திரம் மூன்றையும் சீக்கிரம் அனுப்பு. பவரை அம்மா பெயருக்கே எழுது, என் பெயருக்கு வேண்டாம்.

அன்புடன்,
அண்ணன்