மூங்கில் வாள்

வடசென்னையில் எங்கள் பள்ளி மைதானத்தின் ஓரத்தில் மாஸ்டர் சுண்ணாம்பால் நீளமாக இரண்டு கோடு போடுவார். 14 மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம். சண்டை முழுக்க அதற்குள்தான். வாள்சண்டை என்றால் படிக்கட்டில் ஏறியும் இறங்கியும் மோதும் எம்.ஜி.ஆரும் நம்பியாரும்தான் எங்களுக்குத் தெரியும். ஃபென்சிங் வேறு உலகமாக இருந்தது.

நிஜ வாளை மாஸ்டர் போட்டிக்கு மட்டுமே எடுப்பார். முறிந்தால் மறுவாள் வாங்குவது லேசான காரியமில்லை. மற்ற நாளெல்லாம் மூங்கில் கழி. பிடிக்குமிடத்தில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றியிருப்போம். வெயிலில் சூடேறி உள்ளங்கையில் கறுப்பாக ஒட்டும். முகமூடியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்வோம். வலைக்கம்பிக்குள் முந்தியவளின் வேர்வையும் தேங்காய் எண்ணெயும் மணக்கும்.

எங்களுடையது சேபர் வகை. இடுப்புக்கு மேல் பட்டால்தான் புள்ளி. நுனியால் குத்தலாம், விளிம்பால் வெட்டலாம். முன்னேறும்போது பின்கால் முன்காலைத் தாண்டக் கூடாது. "கையை விடும்மா, காலைப் பாரு" என்பார் மாஸ்டர். முழங்காலை மடக்கியபடியே போய்வந்து தொடை கடுத்துவிடும். வீட்டில் ஆயா, கன்றிப்போன தோளில் எண்ணெய் தேய்த்தபடி, "பொட்டப்புள்ளைக்கு இதெல்லாம் எதுக்குடி?" என்று முணுமுணுக்கும். மறுநாள் விடியற்காலையில் பயிற்சிக்கு எழுப்பிவிடுவதும் அதே ஆயாதான்.

பத்தாம் வகுப்போடு எங்களில் பலருக்குப் பயிற்சி நின்றுபோயிற்று. பழைய வண்ணாரப்பேட்டையில் 2004இல் பள்ளி மாணவியாக வாள் பிடித்த பவானி தேவிக்கு நிற்கவில்லை. அவரும் மூங்கில் கழியில் பழகியவர்தான். கோயில் அர்ச்சகரின் மகள். செலவுக்காக அவருடைய அம்மா நகைகளை அடகு வைத்தார். தலச்சேரியில் பயிற்சி, பிறகு இத்தாலி. 2021இல் டோக்கியோவில், ஒலிம்பிக்கில் ஆடிய முதல் இந்திய வாள்வீச்சாளர் ஆனார். முதல் சுற்றில் துனிசியாவின் நாடியா பென் அஸிஸியை 15-3 என்று வென்றார். அடுத்த சுற்றில் பிரான்ஸின் மனோன் புருனேவிடம் தோற்றார். 2023 ஆசிய சாம்பியன்ஷிப்பில் உலக சாம்பியன் மிசாகி எமுராவையே வீழ்த்தி வெண்கலம் வென்றார்.

டோக்கியோ ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது என் கண் அவருடைய கால்களை விட்டு நகரவில்லை. மூங்கில் கழியை வைத்து அந்தக் கால்களைப் பழக்கிவிடலாம். அதற்கு மேலே போக நிஜ வாள் வேண்டும், வெளிநாட்டுப் போட்டிகள் வேண்டும். ஒரு குடும்பத்தின் நகை அதற்கெல்லாம் போதாது. பதக்கம் வந்தபின் மாலை போடக் காத்திருப்பவர்களே, உங்கள் ஊர்ப் பள்ளிக்கு இன்றே நாலு வாளும் நாலு முகமூடியும் வாங்கிக் கொடுங்கள்.