கரையிலே தொடங்கும் கணினிக் கல்வி

கோணேசபுரியிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்திலே கணினி பயிலப் புகும் நம் பிள்ளைகள் பலர், யந்திரத்துக்கு ஆணை எழுதும் வித்தை மாத்திரமே அக்கல்வி என்று எண்ணியிருப்பதால், தகவல் முறைமை என்னும் பாடத்தின் மகத்துவத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் எழுத விழைகிறேன்.

உதாரணமாக, கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் கரைசேரும் ஒரு படகின் விபரம் மீன் நிறுத்த சிட்டையிலும், எரிபொருள் கணக்கிலும், மீனவர் சங்கத்தின் கடன் ஏட்டிலும் தனித்தனியே எழுதப்படுமாயின், படகு கைமாறிய தினத்தில் ஓரிடத்தில் திருத்தி மற்றோரிடத்தில் மறந்துவிட, மூன்று ஏடுகளும் முரண்பட்ட மூன்று சாட்சிகளாகிவிடும். உரிமையாளரின் பெயர் ஒரே அட்டவணையில் நிற்க, ஏனையவை படகின் பதிவிலக்கத்தை மட்டும் சுட்டுமாயின், அம்முரண்பாட்டுக்கே இடமிராது. தரவுகளை இவ்வண்ணம் தொடர்புடைய அட்டவணைகளாக அமைக்கலாமென்றும், அவை யந்திரத்துள் எங்கே உறைகின்றன என்பதைக் கேட்பவர் அறியவேண்டிய அவசியமில்லையென்றும் ஐபிஎம் நிறுவனத்தின் எட்கர் கோட் 1970ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையே இவ்வகைத் தரவுத்தளங்களின் அஸ்திவாரம். எத்தனை எளிமை, எத்தனை தீர்க்கம்!

ஆயினும், எந்த விபரம் யாருக்கு, எப்போது வேண்டும் என்பதைக் கணினி சொல்லாது. ஆகவே, முதலாம் வருஷத்திலேயே மாணவரைக் கரைக்கு அனுப்பி, சம்மாட்டிமாரிடமும் சங்கக் காரியதரிசியிடமும், மீன் விற்கும் பெண்களிடமும் பொறுமையோடு கேட்டெழுதப் பழக்கவேண்டும் என்பது என் நெடுநாள் அவா.