போதும் எனச் சொல்லும் புரதம்

வளர்ச்சி என்ற சொல்லை நாம் வாழ்த்தோடு சேர்த்தே சொல்லிப் பழகிவிட்டோம். பிள்ளை வளர வேண்டும், பயிர் வளர வேண்டும், வாணிபம் வளர வேண்டும் என்றே விழைகிறோம். ஆயினும், எந்த வளர்ச்சிக்கும் போதும் என்று சொல்ல ஒரு காவல் வேண்டும். காவல் நீங்கிய வளர்ச்சி, தன்னை வளர்த்த உடலையே அழித்துவிடும்.

அத்திப்பட்டில் வாழும் எங்களுக்கு இதை விளக்கத் தொலைவில் உவமை தேட வேண்டியதில்லை. வடசென்னை அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகளைப் பார்த்தபடியேதான் எங்கள் பொழுது விடிகிறது. அங்கே நீராவியின் விசையால் டர்பைன் நிமிடத்துக்கு 3,000 சுற்றுச் சுழல்கிறது. மின்சுமை திடீரென்று அற்றுப்போனால் அதன் வேகம் கட்டுக்கடங்காமல் ஏறும். அவ்வேளையில் நீராவியின் வழியை அடைத்து வேகத்தை அடக்குவது கவர்னர் என்னும் கருவி. அதுவும் அதன் துணைக் காப்புகளும் பழுதானால் இயந்திரம் தன் வேகத்தாலேயே சிதறிவிடும்.

நம் பெருங்குடலிலும் அத்தகைய கவர்னர் ஒன்று உண்டு. குடலின் உட்சுவர் எங்கும் கண்ணுக்குப் புலப்படாத நுண்குழிகள் இருக்கின்றன. குழியின் அடியில் பிறக்கும் உயிரணுக்கள் மேலேறிச் சில நாட்களில் உதிர்ந்துவிடுகின்றன. அவற்றைப் பெருகத் தூண்டுவது பீட்டா கேட்டனின் என்னும் புரதம். ஏ.பி.சி. என்னும் மற்றொரு புரதமோ, துணைப் புரதங்களோடு கூடி, மிஞ்சிய பீட்டா கேட்டனினைப் பிடித்து அழிவுக்கு அனுப்பிவிடுகிறது. இந்த ஏ.பி.சி.க்குரிய மரபணுவை அமெரிக்க, ஜப்பானிய ஆய்வாளர்கள் 1991-இல் கண்டறிந்தனர். ஓர் உயிரணுவில் அதன் பிரதிகள் இரண்டு உள்ளன. இரண்டும் கெட்டால் தூண்டும் புரதம் தேங்கி, உயிரணுவின் கருவுக்குள் புகுந்து, ஓயாது பெருகச் செய்கிறது. குடற்சுவரில் பாலிப் என்னும் சிறு கட்டி முளைக்கிறது. பெருங்குடல் புற்றுநோய்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்கில் இந்தப் பழுது காணப்படுகிறது.

எனினும் பாலிப் ஒரே நாளில் புற்றாகிவிடுவதில்லை. பி-53 போன்ற வேறு காவல் புரதங்களும் ஒவ்வொன்றாக வீழ வேண்டும். அதற்குப் பெரும்பாலும் பத்தாண்டளவு ஆகிறது. 2015-இல் அமெரிக்க ஆய்வாளர்கள், எலிகளின் குடலில் ஏ.பி.சி.யை அடக்கிக் கட்டிகளை உண்டாக்கி, பின்பு அதை மீட்டுக் கொடுத்தனர். பி-53 பழுதான கட்டிகளுங்கூட இரண்டே வாரங்களில் சுருங்கின; உயிரணுக்கள் பழைய ஒழுங்குக்குத் திரும்பின. மனிதருக்கு அத்தகைய மருந்து இன்னும் வரவில்லை. நம் கையில் இருப்பது அந்தப் பத்தாண்டு அவகாசமே. அதைத்தான் நாம் நாணத்தால் இழக்கிறோம்.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருந்தார். பள்ளிவாசலில் முதல் வரிசையில் நிற்பவர். ஒரு ரமலானுக்குப் பின் கடைசி வரிசைக்கு வந்தார். பிறகு வருவதையே நிறுத்திக்கொண்டார். காரணம் கேட்டபோது தலை குனிந்தவராக, “ஒளு நிக்க மாட்டேங்குது தம்பி” என்றார். மலத்தோடு குருதி போய்க்கொண்டிருந்தது. மூலம் என்று தாமே முடிவு செய்து எட்டு மாதம் கைமருந்து உண்டிருக்கிறார். மனைவி மக்கள் எவரும் அறியார். இத்தகைய நிலையில் தொழுவதற்கு மார்க்கம் தரும் சலுகையைக்கூட அவர் ஆலிமிடம் கேட்டறியவில்லை. கேட்டால் நோயைச் சொல்ல வேண்டுமே!

சோதித்தபோது நோய் ஈரலை எட்டியிருந்தது. ஒன்றரை ஆண்டில் அவர் மவுத்தானார். ஆனால், படுக்கையில் கிடந்தபடியே மக்களை அழைத்து, “நான் வெட்கப்பட்டேன், நீங்க வெட்கப்படாதீங்க” என்று கூறி, கொலனாஸ்கோப்பி செய்துகொள்ளப் பணித்தார். மூத்த மகனுக்கு வயது 41. எந்தத் தொல்லையும் இல்லாதவர். அவர் குடலில் இரண்டு பாலிப்புகள் இருந்தன. சோதனையின்போதே அவை அகற்றப்பட்டன. அத்தாவின் சொல் மகனைக் காத்தது.

நோயை மாற்றி எண்ணிக்கொள்வது எளியவர் வீட்டில் மட்டும் நடப்பதன்று. 1912-இல் மருத்துவப் பட்டம் பெற்ற டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை, 1923-இல் மலக்குடல் புற்றுநோயால் மறைந்தார். முதலில் அதைச் சீதபேதி என்றே கருதினர். அந்தத் துயரமே வித்தாகி, 1954-இல் 12 படுக்கைகளோடு அடையாறு புற்றுநோய் மருத்துவமனையாக முளைத்தது.

வாசக அன்பர்களே, மலத்தில் குருதி, காரணமறியாச் சோகை, உடல் மெலிவு, வாரக்கணக்கில் மாறிய மலப்பழக்கம் ஆகியவற்றுள் எது காணினும், மூலம் என்று நாமே தீர்ப்பெழுதலாகாது. மருத்துவரிடம் செல்ல வேண்டும். பெற்றோருக்கோ உடன்பிறந்தாருக்கோ இந்நோய் வந்திருந்தால், தமக்குத் தொல்லை இல்லையெனினும் நாற்பது வயதிலோ, அவர்களுக்கு நோய் கண்ட வயதுக்குப் பத்தாண்டு முன்னரோ, எது முந்தியதோ அப்போது, சோதித்துக்கொள்வது நன்று. குடலுக்குள் போதும் என்று சொல்லும் புரதம் ஊமையாகிவிடக்கூடும். வீட்டுக்குள் நோயைச் சொல்ல வேண்டிய நாவும் அதனோடு ஊமையாகிவிடலாகாது.